பண்ணைப் பாலத்தில் பாதித் தூரம்

பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் வதனி ஒற்றைச் செருப்போடு முற்றத்தில் நின்றாள். மற்றது எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான், "கழண்டது தெரியேல்லை அம்மா" என்றாள். கவனமில்லாத பிள்ளை என்று ஏசினேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

நான்காம் நாள் அவளால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. அச்சுவேலியிலிருந்து வாடகைக் கார் பிடித்து நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். வைத்தியர் சொன்ன பெயர் கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளின் உறையையே தாக்கும் நோய், பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும்).

மூச்சுத் தசைகள்வரை ஏறுகிறதா என்று காத்திருந்து பார்ப்பதே முக்கிய வைத்தியமாக இருந்தது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று தாதி அடிக்கடி வந்து கேட்பார். வதனி இருபத்தெட்டு எண்ணினாள். பிறகு இருபத்திரண்டு. பிறகு பதினெட்டு. அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஏழாம் கிழமை (வாரம்), பிடித்துப் பிடித்து நடக்கிற நிலையில் வீட்டுக்கு விட்டார்கள். வலது பாதம் மட்டும் தொங்கியது. எப்போது சரிவரும் என்று வைத்தியரைக் கேட்டேன்.

"வரும் டீச்சர்."

"எப்ப?"

"நரம்பு வளருறது மயிர் வளருற மாதிரி. பாத்துக்கொண்டு நிண்டால் தெரியாது. நடக்க விடுங்கோ."

அந்த "வரும்" என்ற சொல் எனக்குச் சினமூட்டியது. வந்தவர், வராதவர் என்று மட்டும் குறிக்கும் என் வகுப்பு வரவேட்டில் அப்படி எழுத முடியாது.

இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆகவே நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஊருக்கு நான் செங்கமாரி (மஞ்சட்காமாலை) என்று சொல்லிவிட்டேன். செங்கமாரி எவருக்கும் வரும், போகும். நரம்பு வருத்தம் அப்படியல்ல. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தால், பெண்ணுக்குக் கால் ஏலாதாம் என்ற கதை எங்களுக்கு முன்னே அந்த வீட்டுக்குப் போய்விடும். என் கணவரும் மறுக்கவில்லை.

பொய்க்கும் பத்தியம் இருந்தது. வதனிக்கு எண்ணெய் கூடாது, மீன் கூடாது. பக்கத்து வீட்டு மலரக்கா நாள் தவறாமல் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொண்டுவருவார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளை கதிரையில் இருந்தபடியே அதைக் குடிப்பாள். "கண்ணிலை மஞ்சளே இல்லை. என்ரை மருந்து கேட்டிட்டுது" என்று மலரக்கா பூரித்துப் போவார். அவர் போனதும் வதனி கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது.

வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் ஒழுங்கையில் அவளை நடக்க விடவில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையில் நடந்தாள். வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டால் உடனே கீழே இருந்துவிட வேண்டும். இப்படியே மூன்று மாதம் போனது.

கிளினிக்கில் வைத்தியர் அவளுடைய கெண்டைக்காலை அமர்த்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்கடை வளவுக்குள்ளை எத்தினை அடி நடக்கலாம் டீச்சர்? நோய் செய்ததைவிட நீங்கள் இருத்தி வைச்சதுதான் இந்தக் காலைக் கூட மெலிய வைச்சிருக்கு. றோட்டிலை நடக்க விடுங்கோ."

எங்களைத் தெரியாத றோட்டு எங்கே இருக்கிறது? வதனிதான் சொன்னாள்: "பண்ணைப் பாலம். பாலம் பாக்க வந்த ஆக்கள் மாதிரி நடப்பம்."

எண்பத்து நான்காம் ஆண்டு. பாலம் தொடங்கும் நகரத்துக் கரையில், கோட்டைக்குள் இராணுவம் இருந்தது. ஆனாலும் பாலத்தால் கடலைக் கடந்து தீவுப்பகுதி பஸ்கள் ஓடின. அடுத்த கிளினிக் முடிந்ததும் பத்து மணி வெயிலில் பாலத்தில் ஏறினோம். பாதத்தைத் தாங்கும் கட்டு தெரியாமலிருக்க, நிலத்தைத் தொடும் பாவாடையை நான்தான் உடுத்தி விட்டிருந்தேன். கடற்காற்று அதை அவள் கால்களில் சுற்றிச் சுற்றி அடித்தது. பாலத்தின் நடுப்பகுதியை அண்மிக்கும்போது, தொங்கிய பாதத்தின் விரல்கள் பாவாடை விளிம்பில் கொழுவ, முகங்குப்புற விழுந்தாள்.

மற்றக் கரையான மண்டைதீவுப் பக்கமிருந்து மீன் கடகத்தோடு (ஓலைக் கூடை) வந்த ஒரு பெண் ஓடி வந்து தூக்கினார். நகரத்துக் கடலோரக் குருநகர்க்காரி, என் வயதிருக்கும்.

"என்ன பிள்ளைக்கு?"

"செங்கமாரி வந்து எழும்பினவள். களைப்பு" என்றேன். முன்பின் தெரியாத அந்த மனுசிக்கும் அதையே சொன்னேன்.

அவர் வதனியின் காலைப் பார்த்தார். "செங்கமாரி கண்ணிலையெல்லோ வாறது! உங்கடை ஊரிலை காலிலையோ வாறது?"

வதனி சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"செங்கமாரி இல்லை அக்கா. நரம்பு வருத்தம். ஒரு மாசம் காலே அசையேல்லை. இவ சொல்ல விடமாட்டா."

"அப்ப உந்தப் பாவாடையைத் தூக்கிச் செருகு. உது றோட்டுக் கூட்டவோ உடுத்தினனி?"

செருகினாள். கணுக்காலில் கட்டு பளிச்சென்று தெரிந்தது. ஊர்காவற்றுறை பஸ் ஒன்று எங்களைக் கடந்தது. யன்னல் முழுக்க முகங்கள். மறைக்கலாம் என்று நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"விலகுங்கோ அம்மா" என்றாள். "பின்னாலை நிண்டு என்ரை காலையும் பாக்காதேங்கோ. முன்னாலை நடவுங்கோ."

கட்டின் வார் அறுந்திருந்ததால் அன்று திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த கிளினிக்குக்கு மற்றக் கரைவரைக்கும் என்றாள். ஆனால் கோட்டைப் பக்கம் பதற்றமாகி இரண்டு கிளினிக்குகள் தவறின. பிறகு அந்தப் பாதையாலே போக முடியாமல் போனது. இரண்டு வருடமாகியும் இன்றுவரை அவள் மற்றக் கரையை மிதிக்கவில்லை. வேலிக்குள் நான் இருத்தி வைத்த மூன்று மாதங்களில் அந்தப் பாலம் திறந்திருந்தது. அதை நினைக்கும்போது வரும் கோபத்தை வைத்தியர் மீதோ நோய் மீதோ போட முடியவில்லை.

இப்போது அவள் ஒழுங்கையில் எல்லோரும் பார்க்க நடக்கிறாள். பாதம் முக்கால்வாசி எழும்புகிறது. மிச்சம் வருமா என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

அன்று திரும்பும்போது முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் முதுகால் கேட்டேன். இடது கால் வைக்கும் சத்தம். பிறகு வலது கால் இழுபடும் சத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு வெறுமை. அது முடியும்வரை என் காலும் தரையில் இறங்காது. இன்றும், வகுப்பறைக்குத் தனியாகப் போகும்போதுகூட, ஓரடி வைத்துவிட்டு அந்த அளவு நேரம் நின்றுதான் மற்ற அடி வைக்கிறேன்.