மிஞ்சின கத்தரிக்காய்

எனக்கு யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் பிடிக்காது. கொடுக்கிற கையைவிடக் கொடுப்பவர் முகத்தைத்தான் பார்ப்பேன். யுத்த காலத்தில் ஜலகண்டாபுரத்தில் நூல் வரத்து நின்று எங்கள் தறி முடங்கியபோது அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிற்று. வீட்டில் இரண்டு பிள்ளைகள். கஞ்சி எப்படியோ கிடைத்துவிடும், தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இருக்காது.

வாரச் சந்தைக்கு விடிந்ததும் போய்விடுவேன். காலணாவுக்குக் காய் வாங்குவதைத் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது. முதல் வரிசையில் சாக்கை விரித்துக் கத்தரிக்காய் விற்ற குடியானவப் பெண்ணிடம்தான் வாங்குவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் காசுதான் அவளுக்கு அன்றைய முதல் போணி. கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் போடுவாள்.

ஒரு சந்தை நாள், பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். மடி நிறையக் கத்தரிக்காய்.

"மிஞ்சிப்போச்சுங்க அம்மிணி. மறுக்கா சுமந்துட்டுப் போகோணும். ஆக்கிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள், வேறென்ன செய்வது? ஆனால் மனசு ஒப்பவில்லை. என் தெருவை யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைவிட, அந்தக் காய். நாள் முழுக்க வெயிலில் கிடந்தது என்றால் நம்புகிற மாதிரி இல்லை. தோல் பளபளவென்றிருந்தது, காம்பு பச்சையாக இருந்தது.

அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும். என்றைக்காவது நூல் வந்தால் அதில் ஒரு சேலை கேட்க அடிபோடுகிறாளா, இல்லை ஏதாவது மந்திரித்துக் கொடுக்கிறாளா? குழம்பு வைத்ததும் நான் முதலில் தின்றுவிட்டு, ஒரு நாழிகை பொறுத்துத்தான் பிள்ளைகளுக்குப் போடுவேன். அவர்கள் தட்டை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருப்பார்கள்.

"உனக்குச் சாமியே நேர்ல வந்து வரங் குடுத்தாலும் சொத்தையான்னு திருப்பிப் பாப்பே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த சந்தைக்கு விடியலில் போகவில்லை. நான் வாங்காவிட்டால் என்ன செய்கிறாள், பார்க்கலாம். உச்சி தாண்டி, உப்பு வாங்கப் போகிற சாக்கில் புளிக்கடைத் தட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கூடை நிறையக் காய் அப்படியே இருந்தது. ஒருவர் காசை நீட்டினார். "இன்னும் போணி ஆகலைங்க, சித்த நேரங் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்தவருக்கும் அதே பதில். போணி ஆகவில்லை என்றால் வருகிற காசை ஏன் விரட்டுகிறாள்? எனக்குப் பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்தே விட்டாள். "வந்துட்டீங்களா. உங்க கையில போணி பண்ணுனா உச்சிக்குள்ள கூடை காலியாயிருதுங்க. அதான் உக்காந்திருக்கறேன்."

நான் சும்மா விடுவேனா? "உச்சிக்குள்ள காலியானா, பொழுதோட எனக்கு மிஞ்சுனது எங்கிருந்துங்க அக்கா வந்துச்சு?"

அவள் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச்சாக்கைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கும் எனக்கென்று பொறுக்கி எடுத்து வைத்திருந்தாள்.

"மிஞ்சுனதுன்னு சொன்னாத்தானுங்களே நீங்க வாங்குவீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கூடையில் இருந்த காயெல்லாம் எனக்காகக் காத்திருந்தே வாடிப்போயிருந்தது. உப்புக்கென்று முந்தானையில் முடிந்திருந்த காலணாவை அவிழ்த்து நீட்டினேன். வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு உப்பில்லாமல்தான் குழம்பு வைத்தேன். பிள்ளைகள்தான் முதலில் சாப்பிட்டார்கள்.