படுதா ஜீப்பின் பின்பக்கக் கண்ணாடி

எங்கள் ஜீப்பின் பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போனதற்கு நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அதை ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் பதினெட்டு வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, பாலைவனத்துக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டுகிற வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு, தோவாளைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் பிச்சி போட்டோம். பூவைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி பார்க்கிறேன் என்று போனவர், படுதாத் துணியால் கூரை போட்ட ஒரு பழைய ஜீப்போடு வந்து நின்றார். தகரக் கூரை வண்டி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். இனிமேல் காற்றில்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வெயில் ஏறும் முன் வண்டியைக் கழுவுவோம். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் வரும் காற்று மண்ணை அள்ளிக்கொண்டுதான் வரும். மண் போன பிறகே துணி படலாம். படுதாவுக்குத் தலைக்குப் போடும் ஷாம்பூவைக் கலந்த தண்ணீரும் மெல்லிய பிரஷும். பிளாஸ்டிக்குக்குப் பழைய பருத்தி வேட்டி; அதையும் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், ஒரே திசையில். ஜிப் சிக்காமல் இருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுவார். ஈரம் காயாமல் படுதாவை மடக்க விடமாட்டார். மடிப்புக்குள் பூசணம் பிடித்தால் அந்தக் கரும்புள்ளி போகவே போகாது. பின்பக்கத்தைச் சுருட்டி மேலே கட்டுவதென்றால், பிளாஸ்டிக் வெயிலில் சற்று இளகும்வரை காத்திருந்து, மேலே வேட்டித் துணியை விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டுவார். தண்ணீர் ஊற்றுவது நான். துடைப்பதை என்னிடம் அவர் விட்டதில்லை.

ஓர் ஆனி மாதம் குழித்துறையில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். பேத்திக்கு முதன்முதலாகச் சோறு கொடுக்கிற நாள். இரவெல்லாம் அடித்த காற்றில் பின்பக்கப் பிளாஸ்டிக் முழுக்க மண் படிந்திருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நேரமாகிறதே என்று கொடியில் காய்ந்து கிடந்த துண்டை எடுத்து நானே துடைத்துவிட்டேன். மண்ணோடு சேர்த்துத் தேய்த்ததில் வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்தது. அவர் வந்து பார்த்தார்.

"ஏட்டி, ஒணங்கின துணியாலயா தொடச்ச?"

அவ்வளவுதான் கேட்டார். 

அதற்குப் பிறகு சில மாதங்களில், பின்னால் வருகிற வண்டி தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். கார் விளக்குகளை மெருகேற்றும் ஏதோ பசையை வாங்கிவந்து சாயங்காலம் முழுக்க அந்தப் பிளாஸ்டிக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்த்து முடித்ததும் ஓட்டுகிற இருக்கையில் போய் உட்கார்ந்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்ப்பார். இறங்கி வந்து மறுபடியும் தேய்ப்பார். அவர் இல்லாத நேரத்தில் நானும் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கீறல்கள் தெரிந்தன. ஆனால் அவற்றுக்கு அப்பால் கிணறு தெரிந்தது, கொடியில் கிடந்த துணியின் கரைகூடத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறதே என்று சொல்ல வாய் வரவில்லை. கெடுத்தவளே அப்படிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஓட்டுகிறவருக்குத்தானே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் பூச்சந்தையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளைச் சாய்த்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. கேரியரில் இருந்த கூடை கவிழ்ந்து அரளி முழுக்கச் சேற்றில் கொட்டியது. சைக்கிள்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, இவர்தான் அவர் வேண்டாம் என்றும் கேட்காமல் பூவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "நீ பாத்த வேல இது" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்தச் சைக்கிளுக்குப் பதில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே பிளாஸ்டிக்கை மாற்றிவிடுவது என்று கோட்டாற்றில் ஒரு சீட் கவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைவிடச் சின்னவர். தொழுகை முடிந்து அப்போதுதான் வந்து தொப்பியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பழைய பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இருக்கிறது, ஆனால் மாற்றுகிற அளவுக்கு இல்லையே என்று இழுத்தார். இவர் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றார். பின்பக்கத் துணியைக் கழற்றி, தையலைப் பிரித்து, பிளாஸ்டிக்கை மட்டும் வெட்டி எடுத்தார்கள். புதிய பிளாஸ்டிக்கைத் தைப்பதற்கு முன், துணி சுருங்கியிருக்கிறதா என்று அளவு பார்க்க, வெறும் சட்டம் போல நின்ற அந்தத் துணியை மறுபடியும் வண்டியில் மாட்டினார் கடைக்காரர். டிச் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நடுவில் வெறும் ஓட்டை. வண்டிக்குள் இருந்த எனக்கு அதன் வழியாகக் கடைக்காரருடைய முகம் தெரிந்தது, அவருக்குப் பின்னால் தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஓட்டுகிற இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டன் சத்தம் நின்றதும் மேலே உள்ள கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"இதுவும் மங்கலாட்டுதான் இருக்கு" என்றார்.

கடைக்காரருடைய கை பட்டனிலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வேறு நல்ல பிளாஸ்டிக் போடுகிறேன் அண்ணே, ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை எதிர்க்கடைக்கு அனுப்பினார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிளாஸ்டிக்குல ஒரு கொறையும் இல்லக்கா. அண்ணனுக்க கண்ண ஒண்ணு காட்டுங்கோ. இன்னைக்கு அண்ணன் வண்டி ஓட்டாண்டாம். எனக்க ஆளு கொண்டாந்து விடுவான்."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆறுதல். என் கை கெடுக்கவில்லை என்ற ஆறுதல். அப்படித் தோன்றியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இரண்டு நாள் கழித்து நாகர்கோவிலில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பைச் சிறுகச் சிறுகத் தின்றிருக்கிறது என்றார். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலதில் பாதி. போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம், வண்டி ஓட்டவே கூடாது. எவ்வளவு நாளாக இப்படி என்று அவர் கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை போல, "பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அன்னைக்குக் கோட்டாத்துல அவரு பிளாஸ்டிக்க மாட்டியிருந்தாரா?"

"இல்ல" என்றேன்.

 தோவாளையில் இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பும் வீட்டில் அப்படித் தடுமாறியிருக்கிறார், தம்ளரை மேசை ஓரத்தில் வைத்து விழவிட்டிருக்கிறார், இருட்டிவிட்டால் வண்டி எடுக்காமல் தட்டிக்கழித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் நான் ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தேன்.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ற டாக்டரின் அந்த ஒரு வார்த்தை எனக்குள் கிடந்து அரித்தது. எனக்குக் கிணறு தெரிந்தது, துணியின் கரை தெரிந்தது. அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால்? பல வாரங்கள் கழித்து, மத்தியானம் அவர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே படுத்திருந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? அதுக்கும் ஒன்னத்தான் ஏசியிருப்பேன்" என்றார். பிறகு, "ரொம்ப ஏசிட்டேன், என்னா?" என்றார். நான் மருந்து வழிந்த கன்னத்தைத் துடைத்தேன்.

ஜீப்பை விற்றுவிடலாம் என்று மகள் சொன்னாள். அவர் சரி என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இப்போது சந்தைக்குப் பூவை நான் கொண்டுபோகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாய் என்று குறை சொல்லிக்கொண்டு வருவார். சத்தத்தை வைத்தே அது அவருக்குத் தெரியும்.

படுதா இன்னும் அவர் பொறுப்புதான். தண்ணீர் ஊற்றியதும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, மண் நெருடினால் இன்னொரு வாளி கேட்பார். ஈரம் காய்ந்ததா என்று மடிப்பு மடிப்பாகத் தொட்டுப் பார்க்காமல் மடக்கமாட்டார். பின்பக்கத்தில் தைத்த புதுப் பிளாஸ்டிக்கை மட்டும் அவர் தொடுவதில்லை. அதை நான் துடைக்கிறேன்.

போன மாதம் பரிசோதனையில் அழுத்தம் கூடவில்லை என்றார்கள். குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் மகளையும் பார்க்கச் சொன்னார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தச் செய்தியை நான் சொன்னபோது அவர் எழுந்து வாசலுக்குப் போய், கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார்.