டேப்பக்காவின் விரலும் தையல்காரரின் பஞ்சும்

பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர்களுக்கு டாக்டரைக் கண்டால்தான் வழக்கமாக உதறல் எடுக்கும். இந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைக் கண்டு யாரும் பயந்ததில்லை. பயமெல்லாம் டேப்பக்காவிடம்தான்.

மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறியும். உள்ளறையில் நோயாளிக்கான சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, ஓரத்தில் ஒரு தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் கழுவும் தொட்டியும், குக்கரைவிடப் பல மடங்கு முறைப்பாக உட்கார்ந்திருக்கும் நீராவிப் பெட்டியும். ஒருவர் வாய்க்குள் போய் வந்த சாமான் எதுவானாலும் தேய்த்துக் கழுவி, காய வைத்து, பொட்டலமாகக் கட்டி, அந்தப் பெட்டிக்குள் வெந்து வந்தால்தான் அடுத்தவர் வாய்க்குள் போக முடியும். பொட்டலத்தின் மேல் ஒரு டேப்பு ஒட்டியிருக்கும். உள்ளே போகும்போது அதிலுள்ள கோடுகள் வெளிறிக் கிடக்கும், சூடு சரியாக ஏறினால் கறுத்துவிடும். கறுக்காத பொட்டலத்தைச் சாட்சாத் டாக்டரம்மாவே கேட்டாலும் அக்கா கொடுக்க மாட்டாள். ‘கோடு கறுத்துச்சா?’ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததில்தான் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் இதே கூத்துதான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மகள் கேட்பாள்: “அம்மா, கோடு கறுத்துடுச்சு, சோறு போடலாமா?” மகள் நிறைமாதக்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பில், பிரசவம் இன்றைக்கே ஆகிவிடுமோ என்று அக்காவுக்குப் படபடக்கும்.

அக்கா இங்கே வந்தது தரை துடைக்கத்தான். வீட்டுக்காரர் போன பிறகு, மகளை எப்படியாவது கரையேற்ற வேண்டுமே என்று வந்தாள். துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டரம்மாதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கையுறையை எப்படிக் கழற்றுவது, எதை எந்தக் குப்பையில் போடுவது, ஊசிக்கு மூடி போடுவது எப்படி என்பது வரைக்கும். மூடி போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூடியைத் தட்டில் படுக்க வைத்துவிட்டு, ஊசி பிடித்த ஒரே கையால் அதைக் கோரி எடுக்க வேண்டும். இன்னொரு கை கிட்டவே வரக் கூடாது. ‘அந்தக் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ’ என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அக்கா ஒற்றைக் காலில் நிற்பாள்.

இவ்வளவு ஊசியோடு புழங்குகிறவள், தனக்கு ஊசி என்றால் மட்டும் அலறுவாள். சேர்ந்த புதிதில், கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா கதவுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் இன்னிக்கு யாருக்கும் பல்லு பாக்கப் போறதில்லக்கா.” அக்கா முனகிக்கொண்டே வெளியே வந்தாள். மிச்ச ஊசிகளுக்கும் இதே நாடகம்தான் நடந்தது.

அப்படிப்பட்ட அக்காவிடம் அன்றைக்கு வந்து மாட்டினார் தையல்காரர்.

மனிதர் லேசுப்பட்ட ஆளில்லை. கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி, அந்த மூக்கு மேலேயே கோபம். கடைவாய்ப் பல் ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லையாம், கன்னம் வீங்கிக் கிடந்தது. பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அக்கா பெட்டியைத் திறந்தால், காலையில் கரண்ட் போனதில் சூடு பாதியிலேயே நின்றிருந்தது. டேப்பில் கோடு கறுக்கவில்லை, ஏதோ பழுப்பாக இளித்தது.

“மறுபடி வைக்கணும். கொஞ்ச நேரம் உக்காருங்க,” என்றாள்.

“உக்காரவா? உயிரு போகுதும்மா எனக்கு! உள்ள என்ன, சோறா வேகுது?”

“சோறு அரைவேக்காடா இருந்தா வயித்துவலியோட போயிடும். இது உங்க வாய்க்குள்ள ரத்தத்துல படற சாமான்.”

“நான் தினம் பத்து ஊசியைக் கைல குத்திக்கிட்டு, வாயில வச்சு சூப்பிட்டு வேலையப் பாக்கறவன். எனக்கு ஒண்ணும் ஆகாது. எடுத்துட்டு வா!”

அக்கா எடுக்கவில்லை. தையல்காரர் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ‘இந்தப் பொம்பளைக்குத் திமிரு’ என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினார். ‘இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு’ என்று மின்விசிறியிடம்கூட ஒருமுறை சொன்னார். உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். டாக்டரம்மா எட்டிப்பார்த்து, “அக்கா சொன்னா சொன்னதுதாங்க,” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோடு கறுத்தது, மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டாகிவிட்டது, பல்லும் வந்துவிட்டது. பள்ளத்தில் பஞ்சை வைத்து, “நல்லா அழுத்திக் கடிச்சுக்கோங்க. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. நான் சொன்னபடி செஞ்சா ரத்தம் நிக்கும்,” என்றாள் அக்கா. தையல்காரர் வாயால் திட்ட முடியாத கடுப்பில், கண்ணால் திட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அக்கா தட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். கை வேலை செய்ததே தவிர மனசு முழுக்க அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ‘திமிராம்ல, எனக்கா திமிரு?’ என்று முணுமுணுத்தபடி ஒரு கையில் அவருக்குப் போட்ட ஊசியை எடுத்தாள், இன்னொரு கையில் மூடியை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். சுருக்கென்றது. கையுறைக்குள் இடது ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புப் பொட்டு.

வெளியே சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. மகளின் வயிறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும் அந்த யோசனை ஓடிவிட்டது.

“டாக்டரம்மா, குத்திக்கிட்டேன்.”

டாக்டரம்மா எழுந்து வந்தார். என்ன, ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி, குழாயைத் திறந்துவிட்டு, அந்த விரலைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் பிடித்தார். அக்கா ரத்தத்தைப் பிதுக்கப் பார்த்தாள். “பிதுக்காதீங்க. தண்ணி ஓடட்டும்.” விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுக்கறேன். நானே போய்...” அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சொன்னீங்க பாருங்க, அது போதும். காமாலைக்கு ஊசி போட்டு வச்சிருக்கோம், அதுல ஒரு பயம் விட்டுச்சு. எச்.ஐ.வி. மாதிரி மிச்சத்துக்கு அந்தத் தையல்காரர் ரத்தத்தைப் பாத்தா தெரிஞ்சிடும். சுத்தமா இருந்தா மருந்தே வேணாம். பாக்க முடியலைன்னா இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசம் சாப்பிடணும்.”

“பொறக்கப்போற கொழந்தையைத் தூக்கலாமா நான்?”

“தாராளமா தூக்கலாம். தூக்கறதால எதுவும் வராதுன்னு உங்களுக்கே தெரியும்கா.”

தெரியும்தான். தெரிந்து என்ன, மனசு கேட்கிறதா? அன்றைக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே இந்த அம்மா உட்காராமல் போயிருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அக்காவுக்குக் கண் கரித்தது. மகராசி, நல்லா இருக்கணும் என்று மனசுக்குள்ளேயே கும்பிட்டாள்.

ஆனால் தையல்காரர் வர வேண்டுமே! வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போன மனுஷன். டாக்டரம்மா போன் போட்டார். எடுத்தது அவர் மனைவி.

“அவரா? பஞ்சைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரும்மா. வாயைத் திறக்கக் கூடாதாம்ல? கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் எங்க வீடு அமைதியா இருக்கு. நீங்க நல்லா இருப்பீங்க.”

டாக்டரம்மா நடந்ததைச் சொன்னார். ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, அவர் இஷ்டம்தான், பரிசோதனை முடிவும் வேறு யார் காதுக்கும் போகாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் நிறைமாத மகளை வைத்திருக்கும் அக்காவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் அம்மாள் யாரிடமோ விவரம் சொல்வது கேட்டது. பதில் குரலே வரவில்லை. எப்படி வரும்? பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். “எந்திரிச்சு போயிட்டாரும்மா. எங்கன்னு தெரியல,” என்று அம்மாள் போனை வைத்துவிட்டார்.

“ஒரு மணி நேரம் பாப்போம். வரலைன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு,” என்றார் டாக்டரம்மா. வெளியே இருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஆள் வருவான் என்ற நம்பிக்கை அவளுக்கு எள்ளளவும் கிடையாது.

படியில் செருப்புச் சத்தம். தையல்காரர் வாசலில் நின்றார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட இல்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்க, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நேராக அக்காவிடம் வந்தார். முழுக்கைச் சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முழங்கையை நீட்டினார். அவ்வளவுதான்.

அக்கா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் பஞ்சைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் சொன்னாளே, அதற்காக.

கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு மூன்று பேரும் போனார்கள். மூச்சு வாங்க ஓடிவந்த மனைவியும் சேர்ந்துகொண்டார். ஊசியைக் கண்டதும் தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “பத்து ஊசி குத்திக்கற ஆளா இது?” என்று மனைவி கேட்க, அவர் கண்ணை மூடியபடியே கையை வீசி மிரட்டினார். அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“ரிசல்ட் வர நேரமாகும். நீங்க கெளம்பலாம்,” என்றார் டாக்டரம்மா அவரிடம்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். “வேலை கெடக்குன்னு சொல்றாரு,” என்றார் மனைவி. அதுவும் இல்லை என்று அவர் இன்னும் வேகமாகத் தலையாட்டிவிட்டு, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். காலையில் கோடு கறுக்கும் வரை ஒரு இடத்தில் இருக்க முடியாமல் ஆடின மனிதர், இப்போது அசையவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

முடிவு வந்தது. டாக்டரம்மா இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஒண்ணுமில்லக்கா. எல்லாம் சுத்தம். மருந்து வேணாம். கொஞ்ச நாள் கழிச்சு உங்க ரத்தத்தை ஒரு தடவை பாத்துக்கலாம், அவ்வளவுதான்.”

போன உயிர் திரும்பி வந்தது. அக்கா எழுந்து போய்த் தையல்காரர் முன்னால் நின்றாள். கும்பிடப் போன கையை அவர் தட்டிவிட்டு, தன் வாயைக் காட்டி, எடுக்கலாமா என்று புருவத்தால் கேட்டார்.

“எடுங்க, எடுங்க. எப்பவோ எடுத்திருக்கலாம்!”

பஞ்சை எடுத்துக் குப்பையில் போடப் போனவர், அக்கா விரல் காட்டிய மஞ்சள் கூடையைத் தேடிப் போட்டார். மரத்த நாக்கோடு மெதுவாகப் பேசினார்.

“காலைல அவ்வளவு திட்டுனேன். அப்பவும் அந்தப் பொட்டலத்தைக் குடுக்கல நீ. என் வாய்க்காகத்தான அவ்வளவு பிடிவாதம்? உன் கைக்குன்னு கூப்பிட்டா நான் வராம இருப்பனாம்மா?”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

“பொண்ணுக்குக் கொழந்தை பொறந்ததும் சொல்லியனுப்பு. அதுக்குச் சட்டை தைக்க அளவெடுக்க நானே வர்றேன். கோடு கறுத்த துணிலதான் தைப்பேன், பயப்படாத.”