கல்லுக்குப் போன முகம்

நானுலி இறந்த வருடம் ஜும்பேர் ஒரு சிக்கனம் செய்தார். கறுப்புக் கல்லறைக் கல்லில் மனைவியின் முகத்தைச் செதுக்கக் கொடுத்தபோது, பக்கத்திலேயே தன் முகத்தையும் செதுக்கச் சொல்லிவிட்டார். பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் இறக்கும் வருடத்துக்கு வெற்றிடம். கோரி நகருக்கு வடக்கே அந்த ஜார்ஜிய ஊர்களில் இது வழக்கம்தான். யாரும் அபசகுனமாக நினைப்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து ரஷ்யச் சிப்பாய்கள் லாரியில் வந்து, அவருடைய ஆப்பிள் தோட்டத்துக்கும் இடுகாட்டுக்கும் நடுவே முள்வேலி போட்டார்கள். அந்தப் பக்கம் இனி வேறு நாடாம், தாண்டினால் கைதாம். யாரைக் கேட்டு என்று கேட்க அங்கே யாருக்கு வாய் இருந்தது?

"உன் மூஞ்சி விசா இல்லாமலே வெளிநாடு போயிருச்சே, ஜும்பேர்!" என்றான் பக்கத்து வீட்டு ஷோத்தா. எல்லோரும் சிரித்தார்கள். ஜும்பேரும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இளமையில் அவர் சோவியத் படையில் துருக்கி எல்லையைக் காத்தவர். "துருக்கிக்காரன்கிட்ட இருந்து உங்கள காப்பாத்தினதே நாங்கதான்" என்று அங்கே இருந்த ரஷ்ய மேஜர் ஜார்ஜியர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்துப் போயிருந்தது. காப்பாற்றினார்கள், சரி. காப்பாற்ற வந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாமா?

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: செத்தால் நானுலி பக்கத்தில் புதைக்க வேண்டும். வேலியைப் பார்வையிட வந்த வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் விஷயம் வைக்கப்பட்டது. பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நான்கு வருடமாகப் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள், பாவிகள்.

இந்த ஈஸ்டருக்கு மறுநாள், இறந்தவர்களுக்குக் கல்லறையில் படைக்கும் வழக்கப்படி, சிவப்புச் சாயம் பூசிய முட்டையும் ஒரு புட்டி மதுவும் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். காவலில் ரோதியோன் என்ற ரஷ்ய சார்ஜென்ட் இருந்தான், முப்பது வயதிருக்கும்.

"தம்பி, அந்தக் கறுப்புக் கல்லுகிட்ட இந்த முட்டைய உருட்டிவிட்டு, கொஞ்சம் மது ஊத்திட்டு வர்றியா? என் பொண்டாட்டி."

ரோதியோன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். முட்டையை உருட்டினான். மதுவை ஊற்றினான், சிலுவை போட்டுக்கொண்டான். இங்கிருந்தே அத்தனையும் தெரிந்தது. நல்ல பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் ஊத்திட்டேன், பெரியவரே."

"அட கிறுக்கா, அந்த ஆம்பள நான்தான்! உசிரோட இருக்கறவனுக்கு ஊத்தக் கூடாதுடா!"

ரோதியோன் அவர் முகத்தைப் பார்த்தான், திரும்பிக் கல்லைப் பார்த்தான்.

"தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும். நான் செத்தா என்னை உள்ள விடுவாங்களா? அத மட்டும் உன் மேலதிகாரிகிட்ட கேட்டுச் சொல்லு."

அவன் உண்மையிலேயே கேட்டான். மறுநாள் வேலியோரம் வந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"விடுவாங்களாம் பெரியவரே. ஆனா மனு குடுக்கணுமாம். வேலிக்கு இந்தப் பக்கம், எங்க ஆபீஸ்ல. நீங்களே நேர்ல வந்து."