பீடிங்குக்கு அடியில் மூன்று விரல் துரு

1. கன் கைமாறிய நாள்

ஸ்ப்ரே கன்னை என் கையிலிருந்து வாங்கிச் செல்வத்திடம் கொடுத்தபோது இப்ராகிம் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஒரு திங்கட்கிழமை காலை. முனிச்சாலைப் பக்கம் இருக்கும் பாயின் ஷெட்டில் அதற்கு முன் பதினான்கு வருடம் நான்தான் எல்லாம். டிங்கரிங், துரு எடுப்பது, பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது என்று ஒரு வண்டி உள்ளே வந்தால் வெளியே போகிறவரை என் கைதான். செல்வம் கப்பலூரில் ஒரு கம்பெனியில் பவுடர் கோட்டிங் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன். எங்களிடம் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பாய் மேல் தப்பில்லை. முந்தின வாரம் ஒரு பழைய ஸ்கூட்டரின் டிக்கி மூடியில் நான் டச்சப் செய்திருந்தேன். கலர் டப்பாவில் எழுதியிருந்த அதே கலர்தான். ஆனால் வண்டி நாற்பது வருடம் வெயிலில் நின்று வெளுத்திருந்தது. என் டச்சப் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரிந்தது. செல்வம் அதை ஓரமாக நின்று பார்த்தான். நாலு டப்பாவை எடுத்து, குச்சியால் தொட்டுத் தொட்டுக் கலந்து, ஒரு தகரத்தில் தடவி வெயிலில் காட்டினான். வண்டியின் பக்கத்தில் வைத்தால் எது வண்டி, எது தகரம் என்று தெரியவில்லை.

"முருகேசா, நீ துருவப் பாத்துக்க. பெயிண்ட தம்பி பாத்துக்கிரட்டும்" என்றார் பாய்.

"சரி பாய்" என்றேன். வேறு என்ன சொல்ல?

2. ஒரு வார்த்தை

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துரு எடுப்பது என்றால் எமரி ஷீட்டை வைத்துத் தேய்ப்பது மட்டுமில்லை. கண்ணுக்குத் தெரிவது பாதிகூட இருக்காது. தகரம் எங்கெல்லாம் மடிகிறதோ, எங்கெல்லாம் இரண்டு தகடு சேர்கிறதோ அங்கேதான் தண்ணீர் நிற்கும், மண் ஏறும், துரு குடியிருக்கும். ஒயர் பிரஷ் போட்டு, சுரண்டி, ஆசிட் தடவி, கழுவி, வெயிலில் காயவைத்து, தின்னரில் துடைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்தபின் மேலே பெயிண்ட் வந்துவிடும். செய்த வேலை எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. நன்றாகச் செய்திருந்தால் யாரும் பேச மாட்டார்கள். மோசமாகச் செய்திருந்தால் இரண்டு மழைக்குப் பிறகு பேசுவார்கள்.

வேலை இரண்டு பேருக்குப் பிரிந்ததும் பாய் ஒரு வழக்கம் வைத்தார். துரு எடுத்தவன் "அடிக்கலாம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் பெயிண்டர் கன்னை எடுக்க வேண்டும். ஆனால் கன் பிடித்தவன்தான் வண்டிக்குப் பொறுப்பு. குறை வந்தால் அவனைத்தான் கேட்பார்.

செல்வம் ஒவ்வொரு வண்டிக்கும் "அடிக்கலாமாண்ணே?" என்று கேட்பான். "அடிக்கலாம்" என்பேன். அவ்வளவுதான். குனிந்து பார்க்க மாட்டான், தொட்டுப் பார்க்க மாட்டான். நேராக கன்னை எடுப்பான். என் வார்த்தைக்கு அவன் கொடுத்த மரியாதை அது. அன்றைக்கு அது எனக்கு மரியாதையாகத் தெரியவில்லை. "உன் வேலையையெல்லாம் நான் எதற்குப் பார்க்க வேண்டும்" என்று நினைக்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

பொறாமை வந்தவனுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும். டீ வந்தால் முதல் கிளாஸ் அவனிடம் போகிறதா என்று பார்ப்பேன். பாய் அவனைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார், என்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கணக்குப் பார்ப்பேன். பதினான்கு வருடமாகப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார் என்பது நினைவுக்கு வராது. ஒருநாள் வீட்டில் என் மனைவியே கேட்டாள்: "ஏங்க, உங்க கடையில கலர் பாக்குற ஆளு ஒருத்தரு இருக்காராம்ல? எதுத்த வீட்டுக்காரக சொன்னாக. கண்ணாலயே கலக்குறாராமே!" அன்றைக்குக் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

3. டாக்டரம்மாவின் பச்சை ஸ்கூட்டர்

செல்வம் வந்து ஆறு மாதம் இருக்கும். கே.கே. நகரிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா தன் அப்பாவின் ஸ்கூட்டரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். கையில் கியர் போடும் பழைய மாடல். வெளிறிய பச்சை. காலுக்கு முன்னால் இருக்கும் ஷீல்டின் ஓரத்தில் சுற்றிலும், தகரத்தின் விளிம்பைக் கவ்வியபடி அலுமினியப் பட்டை; நாங்கள் பீடிங் என்போம். எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தது.

"முழுசா அடிச்சிராதீங்க" என்றார். "அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது. ஆனா தெனமும் வந்து இத ஒரு சுத்துத் தடவிப் பாப்பாரு. துரு புடிச்ச எடத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க. மத்தது அவரு வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்."

நாலு நாள் உட்கார்ந்து துரு எடுத்தேன். கால் வைக்கிற ஃப்ளோர்போர்டின் அடியில் மல்லாக்கப் படுத்துச் சுரண்டினேன். கண்ணிலும் மூக்கிலும் துருப்பொடி. ஷீல்டின் வலது பக்க பீடிங்கை அடிவரை கழற்றி, உள் மடிப்பைச் சுத்தம் செய்து பிரைமர் வைத்தேன். இடது பக்கம் மேலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். அடியில் மூன்று விரல் நீளம் பாக்கி.

அப்போதுதான் டாக்டரம்மா வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். செல்வம் வெயிலில் நின்று பச்சையைக் கலந்துகொண்டிருந்தான். அவர் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். "எப்படிங்க இம்புட்டு கரெக்டா வருது?" என்று அவனிடம் கேட்டார். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். நான் வண்டிக்குப் பக்கத்தில் துருப்பொடியோடு நின்றேன்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நெழலு விழுது" என்றார் டாக்டரம்மா.

தள்ளிக்கொண்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு நாள் மல்லாக்கப் படுத்தவன் நிழல். நாலு டப்பாவைக் கலக்கியவன் கலைஞன்.

அவர் போனதும் செல்வம் கேட்டான்: "அடிக்கலாமாண்ணே?"

அந்த மூன்று விரல் பாக்கி இருப்பது எனக்குத் தெரியும். பீடிங்கை அப்படியே அழுத்தி மூடினேன். மேலே தெரிந்த இடத்தில் மட்டும் எமரி ஷீட்டை ஓட்டிப் பிரைமர் வைத்தேன்.

"அடிக்கலாம்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பழைய பீடிங், கழற்றினால் உடைந்துபோகும், வேறு கிடைக்காது என்றும் சொல்லிக்கொண்டேன். வலது பக்கம் உடையாமல் கழற்றியதும் இதே கைதான். மறக்கவில்லை. அவனுக்கு ஒரு குறை வரட்டும் என்று நினைத்தேன்.

4. பொங்கிய இடம்

ஐப்பசி மழை முடிந்த சமயம் வண்டி திரும்பி வந்தது. இந்த முறை டாக்டரம்மாவின் அப்பாவும் கூடவே வந்திருந்தார். எண்பது வயது இருக்கும். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர், வண்டியைத் தொட்டதும் தோளை விட்டுவிட்டார். ஹேண்டில்பாரில் ஆரம்பித்து ஷீல்டின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே குனிந்தார். இடது பக்கம், அடியில், பீடிங்கை ஒட்டி விரல் நின்றது.

"இங்க பொங்கியிருக்கு தம்பி. மக பாக்கல. எனக்குத்தான் தட்டுப்பட்டுச்சு."

பாய் செல்வத்தைக் கூப்பிட்டார். அவன் பிளேடின் முனையால் அந்தக் கொப்புளத்தைத் தொட்டான். செல்வத்தின் பச்சை பெயர்ந்து விழுந்தது. அடியிலிருந்து பழுப்புப் பொடி உதிர்ந்தது. பீடிங்கின் நுனியைக் கொஞ்சம் நெம்பி உள்ளே பார்த்தான். அங்கே பிரைமரே கிடையாது. துரு எடுக்கிற எவனுக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"என்னடா இது?" என்றார் பாய்.

"பாக்காம அடிச்சிட்டேன் பாய். என் தப்புதான்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஐந்தடி தள்ளித்தான் நின்றேன். கையிலிருந்த பனியன் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"கஸ்டமர் முன்னாடி தலகுனிய வச்சிட்டியே" என்றார் பாய். "கொஞ்ச நாளைக்கு முருகேசன் கன்னப் புடிக்கட்டும். நீ துரு எடு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

5. என் கையில் கன்

செல்வம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பீடிங்கை இரண்டு பக்கமும் முழுசாகக் கழற்றினான். நான் ஏற்கெனவே சரியாகச் செய்திருந்த வலது பக்கத்தையும் ஒருமுறை பார்த்தான். இடது பக்க மடிப்பில் ஹேக்சா பிளேடை ஒடித்து, துணி சுற்றி, உள்ளே விட்டுச் சுரண்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் "சாப்பிடலையாண்ணே?" என்று எப்போதும்போல் கேட்டான். அதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பிடி அதிகமாகவே இறங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் பதினோரு மணி வெயில். கம்ப்ரஸரில் காற்று நிறைந்திருந்தது. கன் என் கையில் இருந்தது. எதற்காக இத்தனை மாதம் வெந்தேனோ அது என் கையில் இருந்தது.

"அடிக்கலாம்ணே" என்றான் செல்வம்.

என் விரல் டிரிக்கரில் இருந்தது, அழுத்த வரவில்லை. இவன் உள்ளே சுத்தம் செய்திருப்பானா? இவனுக்கு நான் செய்ததையே எனக்கு இவன் செய்திருந்தால்? அவன் செய்திருக்க நியாயம் இருந்தது. அவன் இடத்தில் நான் இருந்தால் செய்திருப்பேன். செய்தவன்தானே நான்.

கன்னைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன். அந்த மடிப்புக்குள் விரலை விட்டேன். இடது நுனியில் ஆரம்பித்து மேலே ஏறி, வளைவைச் சுற்றி, வலது நுனிவரை ஓட்டினேன். எங்கேயும் ஒரு சொரசொரப்பு இல்லை. யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப்போகாத உள்மூலையில்கூடப் பிரைமர் வழவழவென்று ஏறியிருந்தது.

பாய் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன முருகேசா, அதான் அவன் சொல்லிட்டான்ல? அப்புறம் என்னத்தத் தடவிக்கிட்டு இருக்க?"

எழுந்திருக்காமலே சொன்னேன்: "போன தடவ நானும் இப்படித்தான் சொன்னேன் பாய். உள்ள செய்யாமலே சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

செல்வம் போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினான்.

"அன்னைக்கு அம்புட்டு நேரம் பக்கத்துலயே நின்னியேடா, வாயத் தொறந்தியா?" என்றார் பாய். அப்புறம் செல்வத்தைப் பார்த்தார். "ஒனக்கும் தெரியும்ல?"

"தெரியும் பாய்."

"ஏன் சொல்லல?"

"அவுகளே சொல்லுவாகன்னு இருந்தேன்."

பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வண்டி முடிந்ததும் நீயே கே.கே. நகருக்குக் கொண்டுபோய், நீயே சொல்லிவிட்டு வா என்றார். போனேன். பெரியவரிடம் "துரு எடுத்தது நான்தான்யா, தப்பு என் மேலதான்" என்றேன். அவர் ஷீல்டின் ஓரத்தை அடிவரை தடவினார். "இப்பச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

6. பழக்கம்

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. பழைய ஸ்கூட்டர்களை ஆசைப்பட்டுத் தேடி வாங்கி, சரிபண்ணக் கொண்டுவருகிறவர்கள் இப்போது அதிகம். கன் மறுபடி செல்வத்திடம்தான் இருக்கிறது. நான் துரு எடுக்கிறேன். சண்டை இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறியவன் அவன்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இரண்டு விஷயம்தான். பீடிங்கை முழுசாகக் கழற்றாமல் எந்த ஷீல்டிலும் கை வைக்காதீர்கள். செய்து முடிக்காமல் "அடிக்கலாம்" என்று சொல்லாதீர்கள். துருவை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், சொன்ன வார்த்தையை எடுக்க முடியாது.

போன மாதம் டாக்டரம்மா தன் சிநேகிதி ஒருவரின் ஸ்கூட்டரோடு வந்திருந்தார். நான் வேலையை முடித்து "அடிக்கலாம்" என்றேன். செல்வம் கன்னை எடுக்கவில்லை. குனிந்து, மடிப்புக்குள் விரலை விட்டு, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நிதானமாக ஓட்டினான்.

"என்னங்க, எங்க அப்பா மாதிரியே தடவுறீங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"பழக்கம் மேடம்" என்றான் செல்வம்.

அந்தப் பச்சை ஸ்கூட்டருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியிலும் இப்படித்தான். என்னைக் குத்திக் காட்டவும் இல்லை, ஒரு வண்டியை விட்டுவைக்கவும் இல்லை. அவன் விரலில் இதுவரை ஒரு சொரசொரப்பு தட்டியதில்லை. தட்டாது, அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அவன் குனியும்போதெல்லாம் எனக்கு ஒருத்தன் மேல் பொறாமை வருகிறது. அது செல்வம் இல்லை. முதல் ஆறு மாதம், எவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலே போதும் என்று செல்வம் குனிந்து பார்க்காமல் கன்னைத் தூக்கினானோ, அந்தப் பழைய முருகேசன் மேல்.