கெட்டுப்போகாத சாடி

மச்சான் குனிந்து பீங்கான் சாடியில் காதை வைத்துக்கொண்டிருப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாடி கழுத்தளவு உமியில் புதைந்திருக்கும். வாயில் துணி சுற்றிக் களிமண் பூசியிருப்பார். உள்ளே திராட்சைக் கஷாயம், வெல்லம், காட்டாத்திப் பூ. பூ சேர்ந்ததும் நுரைத்து இரையத் தொடங்கும். இரைச்சல் அடங்கும்வரை யாரும் சாடியைத் தொடக் கூடாது. அப்படிப் புளித்து வருவதுதான் அரிஷ்டம். பிள்ளை பெற்றவர்களுக்கும் பசி மந்தத்துக்கும் மருந்து. கொஞ்சம் போதையும் உண்டு. என் அக்காவின் கணவரான அவர் புதுக்கோட்டையில் தன் தகப்பனார் விட்டுப்போன நாட்டு மருந்துக் கடையில் அதைச் செய்து விற்றார். "ஒங்க மச்சான் காச்சுறாருன்னு வெளிய சொல்லித் தொலைக்காத, போலீஸ்காரங்க வந்துருவாங்க" என்பாள் அக்கா.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, கள்ளுக்கடைகளும் மூடப்பட்ட காலம். நான் திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மாலையில் மச்சான் கடை பெஞ்சில் உட்காருவேன். அதுவரை எட்டிப் பார்க்காத ஆண்களெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். "ஊருக்கே அஜீரணம் மாப்ள. பேப்பர்ல போடலையா?" என்றார் மச்சான். பிறகு ஆண்களுக்கு விற்பதில்லை என்று நிறுத்திவிட்டார். அவர்கள் மனைவிமாரை அனுப்பினார்கள்.

அப்படித்தான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு பாட்டிலை நீட்டி, "அண்ணே, இதுல பாதி தண்ணிய ஊத்திக் குடுங்க" என்றார்.

"தண்ணி ஊத்த நான் பால்காரனாம்மா?" என்று மச்சான் சீறினார்.

"இதக் குடிச்சுட்டுத்தாண்ணே அடிக்கிறாரு. வெறுங்கையோட போனாலும் அடிதான்."

மச்சான் உள்ளே போனார். நல்ல அரிஷ்டத்தில் தண்ணீர் கலக்க அவருக்குக் கை வரவில்லை. அடுத்த சாடிக்காக அன்று காய்ச்சி, இன்னும் பூப் போடாமல் வைத்திருந்த கஷாயத்தில் வெல்லத்தைக் கரைத்துப் பாட்டிலை நிரப்பினார். நிறம் அதே நிறம். போதை மட்டும் இல்லை.

சந்தை நாளன்று அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். கடை நிறைய ஆட்கள். "என்னங்க வைத்தியரே, ஒரு பாட்டிலு குடிச்சும் ஒண்ணுமே ஏறல! நீங்க ஏமாத்துனீங்களா, இல்ல அவ வர்ற வழியில எதையாச்சும் கலந்தாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கத்தினான்.

அரிஷ்டம் லேசாகப் பக்குவம் தப்பியிருக்கிறது என்று சொன்ன சொந்தப் பங்காளியோடு பேச்சை விட்டவர் மச்சான். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அந்தப் புள்ள மேல தப்பு இல்லப்பா. இந்த வருசம் என் சாடி கெட்டுப்போச்சு. பூவு வேலை செய்யல."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இனிமே எவன் வருவான் இங்கிட்டு?" அவன் துப்பிவிட்டுப் போனான். பிரசவம் பார்க்கும் ஆத்தா ஒருவர், வாங்க வந்தவர், தன் பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். மச்சான் அதைப் பார்த்தார்.

அந்த ஆத்தாவிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "அவங்ககிட்டச் சொன்னா ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி. அப்பறம் அந்தப் புள்ள முதுகுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

கெட்டது என்று சொன்ன பிறகு விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. மறுநாள் காலையில் சாடியைத் தெருவுக்கு இழுத்து வந்து சாக்கடையில் கவிழ்த்தார். பக்குவமாய் வந்திருந்த அரிஷ்டம். தெரு முழுக்க மணத்தது. அந்த மணமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அவ்வழியே வந்த ஆத்தா நின்றார், மூச்சை இழுத்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு தன் வழியே நடையைக் கட்டினார்.

அந்த வருஷம் கடை ஏறக்குறைய வெறிச்சென்றே கிடந்தது. வல்லத்திராக்கோட்டைப் பெண்ணும் பிறகு வரவில்லை. அடி நின்றதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த சாடி திறந்த அன்று முதல் ஆளாக அந்த ஆத்தாதான் வந்தார்.

"பூவு இந்தத் தடவ வேலை செஞ்சுச்சா வைத்தியரே?"

"செஞ்சிருச்சு ஆத்தா."

"போன தடவையுந்தான்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பாட்டிலை நீட்டினார்.