நான் படித்துச் சொல்லாத வரி

தம்பியின் நல்ல குணங்களை எழுத இந்த முதலாண்டு நினைவு மலரில் பலர் இருக்கிறார்கள். அவருக்கு நான் செய்ததை எழுத என்னைவிட வேறொருவர் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எனக்கு நான்கு வருடம் பின்பிறந்தவர் அவர். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது எங்களில் ஒருவர்தான் தொடர்ந்து படிக்கலாம் என்ற நிலை. தம்பி எட்டாம் வகுப்போடு மண்வெட்டியை எடுத்தார். அவருடைய புகையிலையிலும் வெங்காயத்திலும் நான் ஆங்கிலம் படித்து ஆசிரியரானேன். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. தமது ஒரே மகளுக்கும் நான் பேசிவந்த சம்பந்தத்தையே மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் அவருடைய குரல் கரகரக்கத் தொடங்கியது. சுருட்டை விடும்படி ஏசினேன்.

"நல்லதுதானே அண்ணை, இனி உங்களோடை வாதாடுற கரைச்சல் இல்லை" என்று சிரித்தார்.

பிறகு சோறு விழுங்கவும் சிரமப்பட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார், இரண்டிலும் பிரஷர் பார்த்தார், ஒன்றுபோல இல்லை. எக்ஸ்ரே எடுத்தபின், வழக்கம்போல வருத்தக்காரரான தம்பியை வெளியே இருத்திவிட்டு, படித்தவன் என்று என்னிடம் விளக்கினார். இதயத்திலிருந்து எழும் பெருநாடி குடைப்பிடிபோல வளைந்து கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் இரத்தம் பிரிவது அந்த வளைவில்தான். தம்பிக்கு அவ்விடம் ஊதி, குரலுக்குப் போகும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. உடலைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, ஊதிய பகுதியை வெட்டிவிட்டு நெய்த குழாய் ஒன்றைப் பொருத்தவேண்டும். ஆபத்தான சத்திரசிகிச்சைதான், ஆனால் வேறு வழியில்லை என்று சொல்லி, கொழும்புக்கு ஆங்கிலத்தில் கடிதம் தந்தார்.

கலியாணம் ஆவணிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தது. பெண்ணின் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் பரம்பரை நோய் என்று சம்பந்தம் குழம்பிவிடும் எனப் பயந்தேன்.

"என்னவாம் அண்ணை எழுதிக் கிடக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டார்.

"சின்ன வீக்கமாம். கலியாணம் முடிய ஆறுதலாக் கொழும்புக்குப் போகலாம்" என்றேன். அவர் உழைத்து என்னைப் படிப்பித்த ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த கிழமை தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் குழாய் ஓரிடத்தில் ஊதியிருந்தது. தம்பி மெஷினை நிற்பாட்டி, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு வேறு துண்டு பொருத்தினார்.

"ஊதினதை விட்டுவைக்கக்கூடாது அண்ணை. எப்ப வெடிக்குமெண்டு தெரியாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் கொழும்புக்குப் பஸ் ஓடியது. ஆனியில் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை மூடப்பட்டது. நான் கலங்கியதைக் கண்டு அவர்தான் என்னைத் தேற்றினார்: "பாதை திறக்கட்டும் அண்ணை. சின்ன வீக்கம்தானே."

ஆடியில் ஒரு காலை, மிளகாய்த் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அயலவர்கள் லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றினார்கள். வழியிலேயே அடங்கிவிட்டார். வழக்கமாக அஸ்தி கரைக்கும் கீரிமலைக்குச் சண்டையால் போக முடியாத காலம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை வேறு கரையில் செய்தோம்.

அன்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வருத்தம் உள்ள வீட்டிலை பொம்பிளை எடுக்கக்கூடாதெண்டால் ஊரிலை ஒரு வீடும் மிஞ்சாது, மாஸ்டர்" என்றார் அவர். "சொல்லியிருந்தால் மாசியிலையே நானே கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

முதலாண்டு ஆட்டைத் திவசம் முடிந்ததும் கலியாணத்தை நடத்த அவரே முன்வந்திருக்கிறார். அவருக்கும், தம்பியைத் தூக்கிச் சென்ற அயலவர்களுக்கும், நோயை ஒழுங்காகக் கண்டறிந்த டொக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. தம்பியின் மனைவியிடமும் மகளிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அதில் நான் படித்துச் சொல்லாத வரியை, தம்பி கேட்டபடி, இப்போது தமிழில் தருகிறேன்:

"இவருக்கு நோயின் கடுமையை விளங்கப்படுத்தி, ஒரு கிழமைகூடத் தாமதிக்காமல் அனுப்பிவைக்கவும்."